சொர்ணம் லாரியில் ஏறினாள்

மெயின் அருவியில் குளிப்பதற்கு அண்ணாச்சி ஒரு வரைபடம் வைத்திருந்தார். ஸ்கேல் வைத்துத் தானே கோடு போட்டு, ஜெராக்ஸ் எடுத்து, லாட்ஜுக்கு வருகிறவர்களுக்குச் சாவியோடு சேர்த்துக் கொடுப்பார். எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது, கம்பியை எந்தக் கையால் பிடிப்பது, முதலில் முதுகைக் கொடுப்பதா தலையைக் கொடுப்பதா, பின்னாலிருந்து ஆள் தள்ளினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, எல்லாவற்றுக்கும் அதில் அம்புக்குறி உண்டு. வாங்கியவர்கள் மரியாதைக்கு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். குளித்துவிட்டு வரும்போது அது கூழாகியிருக்கும். அதன்படி யாரும் குளித்ததாக எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் மண்டையில் விழுகிற விழுகையில் வலது கை எது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கல்யாணமாகி அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்கு வந்த புதிதில் அந்த லாட்ஜில் வரவேற்பறை வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்தருவி போகிற ரோட்டில், பலா மரத்துக்குப் பக்கத்தில், மூன்று மாடிக் கட்டடம். ரூம் போடுவது, கம்ப்யூட்டரில் பில் அடிப்பது, வெந்நீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாதானம் பண்ணுவது என் வேலை. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் சின்ன ஸ்கேல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அவர் மனைவியை நான் மதினி என்பேன். லாட்ஜை உண்மையில் நடத்தியது மதினிதான். அண்ணாச்சி லாட்ஜை நடத்துவது எப்படி என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதையும் மொதல்ல பேப்பர்ல நடந்து பாத்துரணும் தங்கச்சி. பொறவுதான் தரையில நடக்கணும்" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார்.

சும்மா சொல்கிற ஆள் இல்லை, அப்படியே செய்கிறவர். கூலக்கடை பஜாருக்குச் சாமான் வாங்கப் போனால் எந்தக் கடைக்கு முதலில், எந்தக் கடைக்கு அப்புறம், நடுவில் எங்கே டீ என்று சீட்டில் எழுதிக்கொண்டுதான் போவார். முதல் கடை பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுவார். மகள் நிச்சயதார்த்தத்தில் குடும்பப் போட்டோ எடுக்க, யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்று படம் போட்டு ஆளுக்கொரு நகல் கொடுத்தார். அந்தப் போட்டோ வரவேற்பறையில் மாட்டியிருந்தது. அதில் மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், புரோகிதர் உட்பட எல்லாரும் தலையைக் குனிந்து கையிலிருக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதினி மட்டும் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் சீட்டை வாங்கவே இல்லை.

இப்படிப்பட்டவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்தார் என்பது அவர் சொன்னது. நான் சேர்வதற்குப் பல வருஷம் முன்பே ஆரம்பித்தது. மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் மலை முழுசும் தெரிகிற மூலை ரூம் அதற்கென்றே பூட்டிக் கிடந்தது. சீசனில் ஜனங்கள் ரூம் கிடைக்காமல் காரிலேயே தூங்கும்போதும் அந்த ரூமைத் தர மாட்டார். உள்ளே நாலு சுவரிலும் சார்ட் பேப்பர். கதாநாயகனுக்கு நீலம், கதாநாயகிக்கு ரோஸ், வில்லனுக்குப் பச்சை. எந்த அத்தியாயத்தில் நடந்தது எந்த அத்தியாயத்தில் போய் முட்டும் என்று காட்ட ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நூல் கட்டியிருந்தார். பாத்ரூமுக்குப் போக வேண்டுமானால் அத்தனை நூலுக்கும் குனிந்து குனிந்துதான் போக வேண்டும். குரங்கு வந்து கலைத்துவிடக் கூடாது என்று ஜன்னலுக்கு இரட்டை வலை.

"மொத வரி எழுதியாச்சா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அஸ்திவாரம் காயாம செவுத்துக்கு பெயிண்ட் அடிப்பாவளா தங்கச்சி?" என்றார்.

கதை இதுதான். புளியங்குடியில் முத்தையா என்று ஒரு எலுமிச்சை மண்டிக்காரன். அவன் மனைவி சொர்ணம். முத்தையா ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் எலுமிச்சை லாரியில் ஏறிக் கேரளாவுக்குப் போய்விடுகிறான். சொர்ணம் வாசலில் காத்திருக்கிறாள். காத்திருந்து காத்திருந்து இளைத்துக் கடைசி அத்தியாயத்தில் செத்துப்போகிறாள். அவன் திரும்பி வந்து அழுகிறான். இதில் எத்தனையோ கிளைக்கதைகள், ஒரு பாகப்பிரிவினை, ஒரு பஞ்சாயத்து, எல்லாம் நூல் கட்டித் தயாராக இருந்தன. ஒரு வரி எழுதியிருக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் எங்கேயோ ஒரு நூல் தளர்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றும். எழுந்து போய் இழுத்துக் கட்டுவார். வேறு எங்காவது அறுந்துவிடும்.

மதினி அந்த ரூமுக்குள் போனதே இல்லை. அவளுக்கு அது வாடகை வராத ரூம், அவ்வளவுதான். நான் அங்கே வேலை பார்த்த கடைசி சீசனுக்கு முன்னால் ஒருநாள் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"இங்க பாருங்க. இந்தச் சீசனுக்குள்ள நீங்க எழுத ஆரம்பிக்கணும். இல்லேன்னா அந்த ரூம காலி பண்ணிருங்க. ரெண்டுல ஒண்ணு. நான் எம்புட்டு வருசந்தான் அந்தப் பூட்டப் பாத்துக்கிட்டுக் கெடக்கது?"

அண்ணாச்சி மறுப்பே சொல்லவில்லை. மாடிக்குப் போய், எப்போது எழுத ஆரம்பிப்பது என்பதற்கு ஒரு சார்ட் போட்டார்.

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்தது. சனி ஞாயிறு என்றால் கால் வைக்க இடமில்லை. அப்படி ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்தே மலைக்கு மேலே நல்ல மழை. எல்லா அருவியிலும் தண்ணீர் காட்டுச் சத்தத்தோடு விழுந்தது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி, குளிக்கத் தடை என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். ஜனங்கள் தலையிலும் உடம்பிலும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு தயாராக நின்றவர்கள், எண்ணெய் வழிய வழிய ரூமுக்குத் திரும்பி வந்தார்கள். போதாததற்குக் கரண்டும் போய்விட்டது. ஜெனரேட்டரில் பல்பு மட்டும் எரிந்தது, டி.வி. ஓடவில்லை.

அந்த நேரத்தில் தாராபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், கணவர், மகன், மருமகள். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள். எங்கேயும் ரூம் கிடைக்காமல் மழையில் நனைந்து நின்றார்கள். அண்ணாச்சி சார்ட் பேப்பர் வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தார். மதினி அவர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மூலை ரூம் சாவிய எடு" என்றாள்.

"மதினி, அண்ணாச்சி வந்தா..."

"வரட்டும். நான் பேசிக்கிடுதேன்."

சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது.

அண்ணாச்சி முழுக்க நனைந்து திரும்பி வந்தார். சார்ட் சுருளுக்கு மட்டும் பாலிதீன் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். சாவிப் பலகையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. படிகளில் ஓடினார். பின்னாலேயே மதினியும் நானும்.

ரூம் திறந்திருந்தது. கட்டிலில் அந்த அம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி மேற்குச் சுவரைப் படித்துக்கொண்டிருந்தார். மகனும் மருமகளும் நூலை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரில் நின்றார்கள். நனைந்த துண்டு ஒன்று பாகப்பிரிவினை நூலில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, இதெல்லாம் நீங்க எழுதுனதுங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ஒண்ணு கேக்கோணும். இந்த சொர்ணங்கிற புள்ள இங்க காத்திருக்குது. அதுக்கு அடுத்ததுலயும் காத்திருக்குது. அப்புறமேட்டுக்கு அழுவுது. மறுக்காவும் காத்திருக்குது. ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு வேற வேலையே இல்லீங்களா?"

என் முதுகுக்குப் பின்னால் மதினி சிரித்த சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் வந்த சிரிப்பு.

அண்ணாச்சி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. முதல்முதலாக வெளியாள் ஒருவர் அவர் கதையைப் படித்திருக்கிறார். முகத்தில் பயமும் பெருமையும் மாறி மாறி ஓடின. "முழுக்கச் சொன்னா வெளங்கும்" என்றார் மெதுவாக.

"சொல்லுங்க. அருவிதான் பூட்டிக் கெடக்குதே."

மூலை ரூம் சுவர் பூராவும் கதை என்று விஷயம் லாட்ஜ் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் கீழே சாப்பாட்டு ஹாலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். எண்ணெய்த் தலைகள், ஈரத் துண்டுகள், பிள்ளைகள். அண்ணாச்சி சார்ட்டுகளை வரிசையாக அடுக்கிக் கையில் பிடித்துக்கொண்டு பல்புக்குக் கீழே நின்றார்.

"அத்தியாயம் ஒன்று. எலுமிச்சை மண்டி. அதிகாலை. முத்தையா அறிமுகம். குணம், கோபக்காரன், ஆனால் நல்லவன்."

ஜனங்கள் காத்திருந்தார்கள்.

"அத்தியாயம் இரண்டு. முத்தையாவின் வீடு. சொர்ணம் அறிமுகம். குணம், பொறுமை."

மூன்று, நான்கு என்று போகப் போக ஒரு ஆள் கொட்டாவி விட்டார். ஒரு பிள்ளை "அப்பா, அருவி எப்பத் தொறப்பாங்க?" என்று கேட்டது. பின் வரிசையில் ரெண்டு பேர் எழுந்து போனார்கள். அண்ணாச்சிக்கு வியர்த்தது. அவர் அத்தனை வருஷம் இழுத்துக் கட்டிய நூல் எதுவும் அந்த ஹாலில் ஒருவரையும் கட்டவில்லை. எனக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது. பில் போடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"முத்தையா யாரிடமும் சொல்லாமல் லாரியில் ஏறிப் போகிறான். சொர்ணம் வாசலில் காத்திருக்கிறாள்."

"எம்புட்டு நேரம்?"

மதினி. கையில் சுக்குக் காப்பித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"என்னது?" என்றார் அண்ணாச்சி.

"எம்புட்டு நேரம் வாசல்ல நின்னான்னு கேக்கேன். ஒலையில அரிசி கெடக்கும்லா. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்லா. அதெல்லாம் யாரு செஞ்சா?"

"அதெல்லாம் கதைக்கு வேண்டாம்."

"கதைக்கு வேண்டாம், வயித்துக்கு வேணும்லா. சோறு பொங்குனாளா இல்லையா?"

"பொங்குனா. அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"பொங்கி எறக்குனாளா?"

"எறக்குனா."

"எறக்குன பொறவு?"

அண்ணாச்சி சார்ட்டைப் பார்த்தார். அடுத்த சார்ட்டைப் பார்த்தார். இறக்கின பிறகு அதில் எதுவும் இல்லை. காத்திருக்கிறாள் என்று மட்டும் ரோஸ் மையில் இருந்தது. எழுந்து போன ரெண்டு பேரும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"எறக்குன பொறவு..." என்று இழுத்தார். "மூடி வச்சா. கைய கழுவுனா." கொஞ்சம் நிறுத்தினார். "சேலைய மாத்துனா."

இதைச் சொன்னதும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போலிருக்கிறது. சுற்றி ஒரு முறை பார்த்தார்.

"வெளிய வந்தா. மண்டிக்கு முன்னால அடுத்த லாரி நிக்கி. எலுமிச்ச மூட்ட ஏத்தியாச்சு. டிரைவர் கண்ணாடியில மீசையப் பாத்துக்கிட்டு இருக்கான். சொர்ணம் போறா. கதவத் தட்டுதா."

"தட்டி?" என்றாள் தாராபுரத்து அம்மாள்.

"தட்டி, தள்ளி உக்காருலேங்கா."

ஹால் அதிர்ந்துவிட்டது. எண்ணெய்த் தலைகள் எல்லாம் ஆடின. ஒருவர் பெஞ்சைத் தட்டினார். அண்ணாச்சி கையிலிருந்த சார்ட்டுகள் நழுவிக் கீழே விழுந்தன. அவர் குனியவில்லை. பக்கத்து மேஜையிலிருந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டார். லாரி கிளம்பிவிட்டது. செங்கோட்டை தாண்டியது. புளியரைச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். அண்ணாச்சியே போலீஸ்காரராகி மீசையை முறுக்கிக்கொண்டு கேட்டார்.

"என்ன லோடு?"

உடனே சொர்ணமாகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார். "பாதி எலுமிச்சம்பழம். பாதி எம் புருசன் மேல கோவம். எத எறக்கிப் பாக்கணும்?"

அந்தக் குரலைத் தினமும் கேட்பவள், இடுப்பில் கை வைத்த அந்தச் சாய்வைத் தினமும் பார்ப்பவள் நான். லாட்ஜில் இருந்த சமையல்காரரும் பார்ப்பவர். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் மதினியைத் திரும்பிப் பார்த்தோம். அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். சுக்குக் காப்பி தட்டோடு மடியில் ஆறிக்கொண்டிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

லாரி மலை ஏறியது. டிரைவருக்கு ஒரு அம்மா இருக்கோணும் என்றாள் தாராபுரத்து அம்மாள். அம்மா வந்தாள். அந்த அம்மாவுக்குக் காது கேட்காது என்றார் ஒரு எண்ணெய்த் தலை. காது கேட்காமல் போனது. அண்ணாச்சி நாற்காலி மேல் ஏறிவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஸ்கேல் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. தென்மலை வளைவில் எதிரே ஒரு யானை நின்றபோது சோறு தயாராகிவிட்டது என்று சமையல்காரர் வந்து சொன்னார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. யானை நகர்ந்த பிறகுதான் சாப்பிட்டார்கள்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் மேலே போன பிறகு அண்ணாச்சி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, நான் ஒண்ணும் செய்யல. அவளா ஏறிட்டா. நான் கதவக்கூட தொறந்து விடல" என்றார்.

மறுநாள் காலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். லாட்ஜே காலியாகி அருவிக்கு ஓடியது. அண்ணாச்சி மூலை ரூமுக்குப் போய் நூல்களை அறுத்து, சுவரில் மிச்சமிருந்த சார்ட்டுகளையும் கிழிக்காமல் கழற்றிக் கொண்டுவந்தார். என் மேஜையின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, சார்ட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். மதினி மூலை ரூமைக் கூட்டிப் பெருக்கி வாடகைக்கு விட்டுவிட்டாள்.

அதற்கு அப்புறம் வந்த ரெண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மனுஷன் மாறினார் பாருங்கள், அப்படி ஒரு மாற்றம். நாவலுக்குத் திட்டம் வேண்டாம் என்று ஆனதும் வேறு எதற்குமே திட்டம் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரே ரூமை ரெண்டு குடும்பத்துக்குக் கொடுத்தார். ரெண்டு குடும்பமும் சண்டை போட வந்தபோது, "ரெண்டு வீட்டுக்காரவளும் ஒரே ரூம்ல இருந்தா என்ன நடக்கும்னு பாப்போமே" என்றார். பால் வாங்கப் போனவர் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு வந்தார். செருப்பு ஒன்று கறுப்பு, ஒன்று காப்பிக்கலர். குளிக்கிற வரைபடம் கேட்ட ஒரு பெரியவரிடம், "தண்ணிக்குள்ள போங்க, அது பாத்துக்கிடும்" என்றார்.

எழுதியதை எல்லாம் நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். அங்கே நிலைமை இன்னும் மோசம். லாரியில் ஆள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். டிரைவரின் அம்மா, ஒரு நாதஸ்வரக்காரர், சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தித் தோட்டத்தை விட்டு ஓடிவந்த ஒருவன், இரட்டைப் பிள்ளைகள். இரட்டைப் பிள்ளைகள் நடுவில் காணாமல் போனார்கள். எங்கே என்று எழுதியவருக்கும் தெரியவில்லை.

"அண்ணாச்சி, இந்த டிரைவரு புனலூர்லயே செத்துட்டான். இப்ப கொட்டாரக்கரையில புட்டு திங்கான்" என்றேன் ஒருநாள்.

"செத்துட்டானா? எப்ப?"

"முந்தாநேத்து எழுதுனீங்க."

"அய்யய்யோ. பாவம், நல்ல பய" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பிறகு லாரி நின்றுவிட்டது. கொட்டாரக்கரையில் ஒரு டீக்கடைக்கு முன்னால் அத்தனை பேரும் இறங்கி நின்றார்கள். அடுத்து யாரும் ஒன்றும் செய்யவில்லை. அண்ணாச்சி பேனாவைத் திறப்பார், மூடுவார். சீசன் முடிந்து கூட்டம் குறைந்தது. அவர் சிரிப்பும் குறைந்தது. சாப்பிட வரச் சொன்னால் வர மாட்டார். முன்பு எழுதாமல் இருந்தபோதாவது அவருக்கு நூல் இழுக்கிற வேலை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. "நாப்பது வருசமா கோடு போட்டுக் கட்டுன கூடு, ஒழுங்கா நின்னுது தங்கச்சி. நான் ஒரே நாள்ல பிரிச்சுப் போட்டுட்டேன்" என்றார். அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் காலையில் ரிஜிஸ்டருக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். அண்ணாச்சி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினார். வீட்டுக்குத் தெரியாமல் பீடி குடிக்கிறவர் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது முகம்.

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டுந்தான். கதையில என்ன நடக்கும்னு சும்மா ஒரு கோடு. மதினிட்ட சொல்லிராத."

மதினி பின்னால்தான் நின்றாள். கையை நீட்டிச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இதுக்கு எதுக்கு ஒளிக்கீங்க? கோடு போடுதது ஒங்க பழக்கம், போடுங்க. காலைல நான் காய் நறுக்கும்போது வந்து சொல்லுங்க. எனக்குக் கேக்கத் தோணுதத நான் கேக்கேன்."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. காலையில் அவர் துண்டுச் சீட்டோடு அடுக்களைக்குப் போவார். மதினி அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். அவர் சீட்டைப் படிப்பார். அவள் ஒரு கேள்வி கேட்பாள். அந்த டீக்கடைக்காரன் பெண்டாட்டி எங்கே, அத்தனை பேரும் ராத்திரி எங்கே படுத்தார்கள், எலுமிச்சை அழுகாதா? ஒரே கேள்வியில் சீட்டு ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து எழுதுவார். மறுநாள் மறுபடியும் சீட்டு போடுவார். அவர் சீட்டு போடுவதை விடவில்லை, அவள் கேட்பதை விடவில்லை. லாரி நகர்ந்தது.

ஒரு நாளைச் சொல்ல வேண்டும். கதையில் சொர்ணம் கடைசியாக முத்தையாவைப் பார்த்துவிடுகிறாள். ஒரு டீக்கடை பெஞ்சில் தாடியோடு உட்கார்ந்திருக்கிறான். சொர்ணம் இறங்கி ஓடி, அவன் காலடியில் விழுந்து அழுகிறாள் என்று சீட்டில் இருந்தது. அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு நின்றார். மதினி பாகற்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"ஒண்ணும் கேக்கலையா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? எழுதுங்க."

அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். எழுதவில்லை. மத்தியானம் வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரெண்டு தரம் அடுக்களை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். பிறகு உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி என்னிடம் கொடுத்தார். சொர்ணம் இறங்கவே இல்லை. லாரி ஜன்னல் வழியாக முத்தையாவைப் பார்க்கிறாள். அவன் எழுந்து ஓடி வருகிறான். எங்கே போகிறாய் என்று கேட்கிறான். "எனக்குச் சோலி கெடக்கு. நீ வேணும்னா காத்திரு" என்கிறாள். லாரி போகிறது. கதை அங்கே முடிந்தது. அதை அடிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

புத்தகம் அச்சாகி வந்தது பங்குனி வெயிலில். அருவியில் பாறைதான் தெரிந்தது. லாட்ஜில் ஒரு ஆள் இல்லை. பார்சலைப் பிரித்ததும் மதினி ஒரு புத்தகத்தை எடுத்து, என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். சீட்டைக் கேட்டிருக்கிறாளே ஒழிய எழுதியதில் அவள் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அண்ணாச்சி மாடிக்கும் கீழுக்குமாக நடந்தார். என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டுக் கேட்டார்.

"சிரிக்காளா?"

"இல்ல."

"அழுதாளா?"

"கண்ணாடியத் தொடைச்சாவ."

"அழுக்கா இருந்திருக்கும்" என்று திரும்பப் போனார்.

மதினி சாப்பிட எழுந்திருக்கவில்லை. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி அட்டையைக் கையால் தடவினாள். அண்ணாச்சி முன்னால் வந்து நின்றார்.

"கடைசில லாரி போவுதுல்லா, எங்க போவுது?" என்றாள்.

"எந்த லாரி?"

"சொர்ணம் இருக்க லாரிதான். முத்தையாவ விட்டுட்டுப் போறால்லா. எங்க போறா?"

அண்ணாச்சி யோசித்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஸ்கேலும் இல்லை, சீட்டும் இல்லை.

"தெரியல" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போல. "தெரியலையே" என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு ஆளு தெரியாமலா புத்தகம் அச்சடிப்பான்?"

"நீ கேக்கலையே. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

மதினி எழுந்து சேலையை உதறிச் சரி செய்தாள். "செங்கோட்டைல இருந்து மலைக்கு அங்கிட்டு ரயில் போவுதுல்லா?"

"போவுது. எத்தன மணிக்குன்னு பாத்துச் சொல்லுதேன்."

"பாக்காண்டாம். போயி நிப்போம். வாரதுல ஏறுவோம்."

"எங்க போறதுக்கு?"

"ஏறுன பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள். மணிபர்ஸை எடுத்துக்கொண்டாள். மாற்றுத் துணி இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை. அண்ணாச்சி ஒரு கறுப்புச் செருப்பும் ஒரு காப்பிக்கலர் செருப்பும் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார். ஆட்டோவில் ஏறுகிற வரைக்கும் ரெண்டு பேரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் ஒருத்தி அங்கே நிற்கிறேன் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

நாலு மணி வாக்கில் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ஓட மறுத்தது. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ரயில் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்டது.

"எங்க இருக்கீங்க அண்ணாச்சி?"

"ரயில்ல இருக்கேன் தங்கச்சி. சுத்தி மலையா இருக்கு. எந்த ஊருன்னு தெரியல."

"எங்கன எறங்கப் போறீங்க?"

"அதும் தெரியல." பக்கத்தில் மதினி ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"மோட்டார் ஓடல அண்ணாச்சி. என்ன செய்ய?"

மோட்டார் ஓடாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் முன்பு ஒரு சார்ட்டே உண்டு. நான் காகிதமும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஒனக்கு என்ன தோணுதோ அதச் செய்யி தங்கச்சி" என்றார். "இந்தா, குகை வருது, குகை வருது..."

பெட்டிக்குள் இருட்டு வந்துவிட்டது போலிருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஓவென்று கத்துவது கேட்டது. அதற்கு நடுவில், எல்லாரையும்விடச் சத்தமாக, அண்ணாச்சியும் கத்திக்கொண்டிருந்தார். பிறகு லைன் கட்டாகிவிட்டது.